இறைத்த கிணறு ஊறும்

(சங்கத்தின் கல்விப் பயணத்தில் வடக்கே சென்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடமும், அவர்களை வரவேற்ற ஊரவரிடமும் சண்டிலிப்பாயில் ஆற்றப்பட்ட உரை)



இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. அதனால் நீட்டாமல் பேசப் பார்க்கிறோம். வழியில் எங்கள் காதில் விழுந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. மாங்குளம் தாண்டி வரும்போது பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இந்தப் பக்கத்து ஆளுங்க புள்ளைகளுக்குக் காணி குடுக்குறாங்க, வீடு குடுக்குறாங்க. எங்ககிட்ட என்னா இருக்கு குடுக்க? லயமும் தொரையோடது, மலையும் தொரையோடது." அவர் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எங்களைத் தைத்தது.

இன்று காலை நீங்கள் முகம் கழுவிய கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு பெரியவர் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்த மண்ணில் வருசம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நம் மலையில் கல்லைத் தட்டினால் தண்ணீர் வரும் என்று சொல்லுமளவுக்கு ஓடையும் அருவியும் உண்டு. இங்கே சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தங்கிய மழைநீரை வைத்துத்தான் தோட்டமும் வீடும் நடக்கிறது. "இவ்வளவு இறைத்தால் வற்றிப் போகாதா ஐயா?" என்று கேட்டோம். "இறைச்ச கிணறு ஊறும் தம்பியவை. இறையாமல் விட்டால்தான் பாசி பிடிச்சு நாறும்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: "ஆனால் ஆசைப்பட்டு மிஷினைப் பூட்டி உறிஞ்சக் கூடாது. அளவு மீறினால் உவர் ஏறிவிடும்."

அந்தப் பெரியவர் சொன்ன இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் இரண்டாவதைச் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் "கொடுப்பதில் மகிழ்ச்சி" என்று மேடையில் யாராவது தொடங்கினால் நம் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். வர வேண்டும். 1823இலிருந்து கணக்குப் போட்டால் இருநூறு வருசத்துக்கு மேலாக நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். காடு வெட்டிக் கொடுத்தோம், ரோடு போட்டுக் கொடுத்தோம், முதலில் கோப்பி, பிறகு தேயிலை, ரப்பர். அது கொடுத்ததா, எடுக்கப்பட்டதா? மிஷின் பூட்டி உறிஞ்சிய கிணறு மாதிரித்தான் நம்மிடம் எடுத்தார்கள். அதில் மகிழ்ச்சி காணுங்கள் என்று சொல்ல எங்களுக்கு நா வராது. நியாயமான சம்பளம், சொந்தக் காணி, பிள்ளைக்கு நல்ல பாடசாலை ஆகியவற்றைக் கேட்பதை ஒரு நாளும் விடப் போவதில்லை. இன்று நாங்கள் பேசுவது வேறொரு கொடுக்கலைப் பற்றி. நம் கையில் உள்ளதை நாமாக விரும்பி இன்னொருவர் கையில் வைப்பது. இந்தப் பக்கத்தில் அதற்கு "கையளிப்பது" என்று நல்ல சொல் இருக்கிறது.

காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வரும்போது பஸ் மானிப்பாயைத் தாண்டி வந்தது. அங்கே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. யார் அந்தக் கிறீன்?

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த வைத்தியர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மிஷனரியாக வந்தவர், மதம் பரப்புவதும் அவர் நோக்கம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை எந்த மதத்துக்காரரும் எந்தச் சங்கத்துக்காரரும் படிக்கலாம். மானிப்பாயில் 1848 அளவில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கியவர், அதோடு நிற்காமல் ஊர்ப் பையன்களுக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்தவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலமும் வைத்தியமும் தெரிந்தவருக்கு அரசாங்கத்தில் நல்ல சம்பளம் கிடைத்தது. பலர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஊர்ச் சனம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நடுவில் ஊருக்குப் போய் 1862இல் திரும்பி வந்தவர் வேறொரு முடிவெடுத்தார். இனித் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பிப்பது என்று. அதற்குத் தமிழில் புத்தகம் வேண்டுமே? இருந்த புத்தகமோ பெரும்பாலும் ஆங்கிலம். தானே தமிழ் படித்து, தன்னிடம் படித்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். அறுவைச் சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', பிள்ளைப்பேற்றுக்கு 'பிரசவ வைத்தியம்', உடலின் கட்டமைப்புக்கு 'மனுஷ அங்காதிபாதம்', இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள். தமிழில் இல்லாத சொல்லுக்குச் சொல் தேடி, கிடைக்காத இடத்தில் புதிதாக உண்டாக்கி எழுதினார்கள். அவரிடம் படித்து வெளியேறிய வைத்தியர்கள் 60க்கும் மேற்பட்டவர்கள். ஏறத்தாழ பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள். தன் மாணவர்கள் வெள்ளைக்காரர் மாதிரி உடுத்துவதைவிட, வேட்டி சால்வையோடு சனத்துக்குள்ளே சனமாக இருப்பதையே அவர் விரும்பினார்.

1873இல் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். பிறகு இங்கே வரவில்லை. ஆனால் அங்கிருந்துகொண்டே தமிழ்ப் புத்தக வேலையைத் தொடர்ந்தார். 'மனுஷ சுகரணம்' என்ற உடற்றொழில் நூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த வருசம், 1884இல், அவர் இறந்தார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்று தன் கல்லறையில் எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்தக் கல் இருப்பது வூஸ்டரில்.

தோழர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வைத்தியர் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளரைப் பார்க்க முடியும்? ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊரை விட்டுப் போன மறுநாள் அது பூச்சியம். கிறீன் செய்தது வேறு வேலை. தான் இல்லாவிட்டாலும் நடக்கிற மாதிரி, தன்னைச் சனத்துக்குத் தேவையில்லாதவராக ஆக்கிக்கொண்டார். சனம் தன்னையே நம்பி வாசலில் நிற்பதில் ஒரு சந்தோசம் உண்டு. அது தலைக்கு ஏறுகிற சந்தோசம். சனம் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பதில் இன்னொரு சந்தோசம் உண்டு. அது நெஞ்சுக்குள்ளே தங்குவது.

அதே காலத்தில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? தெற்கே மன்னார்ப் பக்கம் கரையேறி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். வடக்கே ஒரு ஊரில் தமிழில் வைத்தியம் படிப்பித்த அதே ஆண்டுகளில், அதே மொழி பேசிய நம் முப்பாட்டன்மார் வைத்தியம் இல்லாமல் அந்தப் பாதையில் செத்தார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த அந்த நினைவு நடைபயணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அறிவு ஒரு ஊரில் தங்கிவிட்டால் அடுத்த ஊருக்கு அது இல்லாத மாதிரித்தான்.

நம் மலைக்கும் கையளித்தவர்கள் வந்தார்கள். இதே மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் வந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு கழகத்தைத் தொடங்கி, நம் ஆட்களைக் கடனில் கட்டிப்போட்ட துண்டு முறைக்கு எதிராகப் பேசினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவர் படித்த பெரிய மனிதர். சட்டசபையும் பத்திரிகையும் அவருக்குத் திறந்திருந்தன. ஆனால் லயத்துக்குள்ளே போய் நம் ஆட்களிடம் யார் பேசுவது? தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அதைச் செய்தார். வெளியாட்கள் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத அந்தக் காலத்தில், அவர் புடவை வியாபாரி மாதிரி உள்ளே போனார் என்று இன்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனார். நோட்டீசைக் கொடுத்தால் வாசிக்கத் தெரிந்தவர் ஒரு லயத்துக்கு ஒருவர்கூட இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் உரிமையைப் பாட்டாக எழுதி, சனத்துக்குத் தெரிந்த மெட்டில், கூட்டத்தில் பாடினார். நோட்டீசைப் பறித்துக் கிழிக்கலாம். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் வாய்க்குள் போன பாட்டை எந்தத் துரை பறிப்பார்?

கையளிக்காமல் போனதன் நட்டத்தையும் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் நம் வாக்கால் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்தது. நாம் நாடற்றவர் ஆனோம். அதன் பிறகு முழுவதும் கடதாசிதான். 1949இன் சட்டத்துக்கு விண்ணப்பம், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு விண்ணப்பம். 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று ஆட்டைப் பிரிப்பது மாதிரிப் பிரித்தார்கள். எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரைத் தேடிப் போனார். அவர் நிரப்பிக் கொடுத்த தாளில் கைநாட்டு வைத்தார். எதில் கைநாட்டு வைத்தோம் என்று தெரியாமலேயே எத்தனை பேர் வைத்திருப்பார்கள்! அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. 2003இன் சட்டம் வரும்வரை அந்தக் கடதாசிக் கணக்கு முழுதாகத் தீரவில்லை. அந்தச் சட்டங்கள் அநியாயமானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாளை வாசிக்க லயத்துக்கு இரண்டு பேர் இருந்திருந்தால், அந்த அநியாயத்தின் நடுவிலும் சில குடும்பங்களாவது பிரியாமல் இருந்திருக்கும்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம். மற்றவர் பிழையை மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது சங்கத்துக்கு அழகில்லை.

பல வருசமாக நம் சங்கக் காரியாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். சேமலாப நிதிக்கு விண்ணப்பம், பெயர் திருத்தம், பிறப்புச் சான்றிதழ், இழப்பீட்டுக்கு மனு. நாங்கள்தான் நிரப்புவோம். வரிசை நீளமாக இருந்தால் எங்களுக்குள் ஒரு பெருமை. "பாருங்கள், சனம் நம்மளை எவ்வளவு நம்புது." கையெழுத்துக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுவோம். தாளில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்போம். உண்மையைச் சொன்னால், நேரம் இருந்தது. சொல்லிக் கொடுத்துவிட்டால் நம்மைத் தேடி வர மாட்டார்களே என்ற நினைப்பும் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அந்த நினைப்பு உள்ளவன் தலைவனாக இருக்க முடியாது. அவன் தரகன்.

ஒரு பெரியவர் 31 வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறு பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். முப்பது வருசமாக ஒவ்வொரு சம்பளத் துண்டிலும் அந்தப் பிழையான பெயர் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த எங்களிடம் அவர் எத்தனையோ முறை வந்து போயிருக்கிறார். நாங்கள் அதைப் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லவும் இல்லை. சத்தியக் கடதாசி, கிராம அலுவலர் கடிதம், தோட்டக் கடிதம் என்று அலைந்து பணம் கைக்கு வரும்போது அவர் படுக்கையில் கிடந்தார். பணம் வந்ததும் எங்களுக்கு வடை வாங்கிக் கொடுக்கச் சொல்லி மகனிடம் காசு கொடுத்துவிட்டார். அந்த வடையை எங்களால் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினோம். இனி நாங்கள் நிரப்புவதில்லை. வருகிறவரோ அவர் பிள்ளையோ நிரப்புவார், நாங்கள் பக்கத்தில் இருந்து பார்ப்போம் என்றோம். முதல் மாதம் சனத்துக்குக் கோபம். "சந்தா வாங்குறீங்க, எழுதித் தர மாட்டீங்களா?" என்று நேரே கேட்டார்கள். நியாயமான கேள்வி. எழுதத் தெரிந்தவர் ஒருவருமே இல்லாத வீட்டுக்கு இன்றும் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் மெல்ல மெல்ல வரிசை குறைந்தது. ஏன் குறைகிறது என்று பார்க்க ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஒரு லயத்து இஸ்தோப்பில், பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை பலகையைப் போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மாமிக்குச் சம்பளத் துண்டை வாசித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து எழும்பக்கூட இல்லை. வேலை முடியட்டும் என்று கையைக் காட்டியது! திரும்பி வரும் வழியில் எங்களில் ஒருவர் சொன்னார், "நம்ம வேலை போயிருச்சு" என்று. எல்லோரும் சிரித்தோம். சங்கத்தில் இத்தனை வருசம் இருந்ததில் அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு சந்தோசம் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

எனவே அந்தப் பின்சீட்டு அம்மாவுக்கு இதுதான் எங்கள் பதில். அம்மா, உங்களிடம் காணி இல்லை. அதற்காகச் சேர்ந்து போராடுவோம். ஆனால் உங்களிடம் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மலையில் எந்த மாதம் கொழுந்து எப்படித் திரும்பும், மழையில் கூடையை எப்படிப் போட்டால் முதுகு நோகாது, மடுவத்தில் தராசு முள்ளை எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், எது முழுப்பேர், எது அரைப்பேர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் எதைக் கேட்டு வாங்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாகப் பேர் பதிந்து வருகிற பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தால், நீங்கள் பத்து வருசம் பட்டுத் தெரிந்துகொண்டதை அவள் பத்து நாளில் தெரிந்துகொள்வாள். அவள் ஏமாறாமல் இருப்பதை நீங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். உங்கள் சொத்து அதுதான். அதை எந்தக் கம்பனியும் குத்தகைக்கு எடுக்க முடியாது.

வெறும் வாய்ப்பேச்சோடு போகாமல், இன்று ஒவ்வொருவரும் மூன்று விசயத்தைக் கற்றுக்கொண்டு போவோம்.

ஒன்று, பெயர். இன்றைக்கே அடையாள அட்டையையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஓய்வு பெறும்வரை காத்திருக்காமல் இப்போதே திருத்தக் கேளுங்கள்.

இரண்டு, சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாய் கழிக்கிறார்கள். நிர்வாகம் அதோடு நூற்றுக்கு 12 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 ரூபாய், அது முழுவதும் நிர்வாகத்தின் பங்கு. உங்களிடம் கழிக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு உங்களுடையது 80, அவர்களுடையது 120, அதற்கு மேல் 30. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போடச் சொல்லுங்கள்.

மூன்று, சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருசம் நிறைந்தவருக்கு அது உரித்து. நாட்சம்பளக்காரருக்கு நிறைந்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாட் சம்பளம். முப்பது வருசம் வேலை செய்தவருக்கு 420 நாட் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்த மூன்றையும் ஊருக்குப் போய் ஒருவருக்குச் சொல்லுங்கள். கூட்டம் போட வேண்டாம். பெரட்டுக்குப் போகும் வழியில் ஒருவருக்குச் சொன்னால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அவர் அதை இன்னொருவருக்குச் சொன்னாரா என்று அடுத்த மாதம் கேளுங்கள். சொல்லியிருந்தால் அன்று உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கடைசியாகச் சண்டிலிப்பாய்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார்மார் நம் தோட்டப் பாடசாலைகளில் நமக்கு எழுத்தறிவித்தார்கள். இதே பக்கத்திலிருந்து வந்து நம்மைத் தரக்குறைவாக நடத்திய உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். இரண்டையும் மறக்கவில்லை. மறைக்காமல் சொல்லக் காரணம், உறவு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அடுத்த விடுமுறைக்கு உங்கள் பிள்ளைகளை நம் மலைக்கு அனுப்புங்கள். அவர்களுக்குக் கொழுந்தெடுக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். தேத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போகட்டும். இன்று காலை அந்தப் பெரியவர் நம் பிள்ளைகளிடம் மண்வெட்டியைக் கொடுத்து, வாய்க்காலை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடச் சொல்லிக் கொடுத்தார். முதலில் தண்ணீர் எல்லாம் கண்டபடி ஓடியது. நாலாவது பாத்தியில் சரியாகத் திருப்பினார்கள். அப்போது அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தீர்களா? பார்க்காதவர்கள் நாளை காலை வெள்ளென எழும்பிக் கிணற்றடிக்குப் போங்கள். அவர் மறுபடி இறைப்பார்.